ஜீப் கவிழ்ந்தால் கதை ஆகிவிடுமா?

மேட்டுச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டம் கம்பம். ஒரு சிறுகதை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. திரும்பி வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார்கள், அதுதான் மூன்று நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கதையில் நிறைய நடக்கிறது, இந்தப் பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கதை இதுதான். 2019 ஆகஸ்ட். ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட மாதம். கம்பத்திலிருந்து விடியற்காலை, தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ட்ரிப் ஜீப்பில், கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், புருஷன் குடிகாரன், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். மழை. சாயங்காலம் திரும்பி வரும்போது வளைவில் ஜீப் கவிழ்கிறது. இவளுடைய பை கிழிந்து உள்ளே இருந்த பச்சைக்காய் ரோட்டில் சிதறுகிறது, சூப்பர்வைசர் பார்த்துவிடுகிறார், வேலை போகிறது, மகள் படிப்பை நிறுத்திவிட்டு அதே ஜீப்பில் ஏறுகிறாள். முடிந்தது.

எங்கள் பக்கத்து வாழ்க்கை இப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக வந்து தலையில் விழுகிறது. அதை அப்படியே எழுதினால் "பாத்திரம் முடிவு எடுக்கவில்லை" என்கிறார்கள். சிறுகதையில் பாத்திரம் முடிவு எடுத்தே ஆகவேண்டும் என்று ஏதாவது சட்டமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

கூடலூர்க்காரி எழுதியது:

திட்டப் போவதில்லை தம்பி, ஒரே ஒரு கேள்வி. பையில் காய் இருந்தது என்கிறீர்கள். அதை எப்போது உள்ளே போட்டாள்?

நீங்கள் எழுதிய சுருக்கத்தில் காலையில் அது இல்லை, சாயங்காலம் இருக்கிறது. நடுவில் எட்டு மணி நேரம் எங்கே? செடி மூட்டில் குத்த வைத்து உட்கார்ந்து சரத்திலிருந்து காய் பறிக்கிறாள். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, மேலே சூப்பர்வைசர் குடையோடு நிற்கிறார். அந்த நேரத்தில் ஒரு கை காயைக் கூடையில் போடாமல் மடியில் போட்டிருக்கிறாள். உங்கள் கதையே அந்த ஒரு கைதான். அதைக் காட்டாமல் மறைத்துவிட்டு ஜீப்பைக் கவிழ்த்தால் எப்படி?

ஜீப் கவிழ்வதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? இவள் காய் எடுக்காமல் இருந்தாலும் அது கவிழ்ந்திருக்கும். காய் எடுத்து, ஜீப் கவிழாமல் இருந்திருந்தால் மாட்டியிருக்கவே மாட்டாள். அப்படியென்றால் கதையை நடத்துவது மழையும் டயரும்தானே?

ஸ்டோர்ப்புகை எழுதியது:

நான் பத்து வருஷம் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற இடத்தில், வேலை பார்த்தவன். கதை கிதை எனக்கு அவ்வளவு தெரியாது, காய் தெரியும். அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

7000 ரூபாய் என்றது இடுக்கிப் பக்கம் புற்றடியில் ஏலம் விட்டபோது ஒரே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு குவியலுக்கு, போன உச்ச விலை. எல்லாக் காய்க்கும் அந்த விலை இல்லை, சராசரி அதற்கு நன்றாகவே கீழே இருந்தது. 2018 வெள்ளத்தில் செடி அழுகி, அடுத்த கோடையில் காய்ந்து, காயே இல்லாமல் போனதால் ஏறின விலை அது. அப்புறம் முக்கியமான விஷயம், அந்த விலை உலர்ந்த காய்க்கு. பச்சைக்காய் 5 கிலோ போட்டால்தான் உலர்ந்து 1 கிலோ வரும். உங்கள் கதையில் அந்த அம்மா பையில் ஒளித்தது எவ்வளவு? அரைக் கிலோ பச்சை என்று வைத்துக்கொள்வோம். உலர்த்தினால் 100 கிராம். உச்ச விலையிலேயே போனாலும் 700 ரூபாய். இதில் கல்லூரிக் கட்டணம் எங்கே கட்டுவது?

அதுவும் பச்சையாக எந்தக் கடையில் விற்பாள்? கூலிக்குப் போகிற பொம்பளை பச்சைக்காயோடு வந்து நின்றால் கடைக்காரன் முதலில் முகத்தைப் பார்ப்பான். உலர்த்த வேண்டும். ஸ்டோரில் என்றால் மெதுவாகச் சூடு ஏற்றி 18லிருந்து 24 மணி நேரம் வைப்போம், சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போச்சு. வீட்டில் எப்படி உலர்த்துவாள்? யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

கூடலூர்க்காரி எழுதியது:

அண்ணே, கதை தெரியாது என்று சொல்லிவிட்டுக் கதையின் பாதியை எழுதிவிட்டீர்கள். 700 ரூபாய்க்காக ஏன் செய்தாள்? கட்டணத்துக்காக இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. வேறு எதற்காகவோ செய்திருக்கிறாள். அது என்ன என்று மேட்டுச்சாலைதான் சொல்ல வேண்டும். வறுமை என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

பெரியாறு மழை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கேரளத்து வண்டிப்பெரியார் பக்கம், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். இந்த "பாத்திரம் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்வுதான் கதையை நகர்த்த வேண்டும்" என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒளித்து என்ன பிரயோஜனம், சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு ஐயா தேர்வு இருக்கிறது? மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இருக்கிறது. அவன் வேலையை விடலாமா வேண்டாமா என்று நாலு பக்கம் யோசிக்கலாம், அதைக் கதையாக எழுதலாம். எங்கள் பாட்டியைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி முன்பணம் கொடுத்து மலைக்கு ஏற்றினான். அவளா தேர்ந்தெடுத்தாள்? 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டது, கொளுந்து கிள்ளிக்கொண்டிருந்த அவளிடம் யாராவது வந்து கேட்டார்களா? 2000-ஐ ஒட்டி இங்கே தேயிலைத் தோட்டம் ஒவ்வொன்றாகப் பூட்டினார்களே, எங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டா பூட்டினார்கள்? ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான்.

மேட்டுச்சாலை எழுதினது சரி. விழுகிறதுதான் எங்கள் வாழ்க்கை. விழுகிறவனிடம் போய் "நீ எந்தப் பக்கம் விழ முடிவு செய்தாய்?" என்று கேட்பது அநியாயம். அந்தப் பத்திரிகைக்காரர்கள் ஒரு நாள் அந்த ஜீப்பில் ஏறிப் பார்க்கட்டும்.

மேட்டுச்சாலை எழுதியது:

அப்பாடா, எனக்கும் ஒரு ஆள் கிடைத்தார்.

தமிழய்யா எழுதியது:

இரண்டு தரப்பும் படித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நற்றிணையில் 284-ஆம் பாட்டு. பொருள் தேடிப் போன தலைவன் நடுவழியில் நிற்கிறான். நெஞ்சு சொல்கிறது, திரும்பி அவளிடமே போ என்று. அறிவு சொல்கிறது, எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் ஊர் சிரிக்கும் என்று. இரண்டுக்கும் நடுவே என் உடம்பு, இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற, புரி தேய்ந்த பழங்கயிறு போல அற்றுப்போகுமோ என்கிறான். அந்தப் புலவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது, அந்தக் கயிற்றை வைத்தே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று கூப்பிடுகிறோம். அந்தப் பாட்டில் வெளியே ஒன்றும் நடப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டி கவிழவில்லை, மழை பெய்யவில்லை, ஒருவன் வழியில் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் படிக்கிற நாம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஏன்? இரண்டு யானையும் யானை. ஒரு பக்கம் யானையையும் மறுபக்கம் ஆட்டுக்குட்டியையும் கட்டியிருந்தால் அது பாட்டாகாது. மேட்டுச்சாலையின் கதையில் அந்தப் பெண்ணுக்குப் புருஷன், வட்டி, கட்டணம், மழை என்று ஒரு பக்கம் மட்டும் நான்கு யானைகளைக் கட்டியிருக்கிறார். மறுபக்கம் கயிற்றைப் பிடிக்க ஆளே இல்லை. திருடாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது? பயம் மட்டும்தானா? அதைச் சொல்லவே இல்லை.

இன்னொன்று. தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்று என்று சொல்கிற வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' நினைவிருக்கிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் அது வரதட்சணைக் கதை, பெண் வீடு நொடித்ததால் மருமகள் ருக்மிணியைத் தள்ளிவைத்து இரண்டாம் கல்யாணம் பேசுகிற கதை. பெற்றவர்களுக்குப் பாடம் கற்பிக்க அவள் கணவன் நாகராஜன் ஒரு திட்டம் போடுகிறான். கல்யாணத்துக்குச் சம்மதித்தது போல நடித்துவிட்டு முகூர்த்த நேரத்தில் மறுத்துவிடலாம் என்று. இதை நண்பனிடம் சொல்கிறான். ருக்மிணியிடம் சொல்வதில்லை. குளத்தங்கரையில் அவளைப் பார்த்துப் பேசுகிறான், அப்போதும் சொல்வதில்லை. அவள் அந்தக் குளத்திலேயே உயிரை விடுகிறாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தக் கதையே இல்லை. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தன் வேடிக்கை மேல் அவ்வளவு ஆசை. வரதட்சணை சூழ்நிலைதான், கொன்றது சூழ்நிலையா, அந்த மௌனமா? இரண்டும் என்பேன், ஆனால் கதை நகர்ந்தது மௌனத்தால்.

கதையைச் சொல்வதோ மரம். எல்லாவற்றையும் கேட்கும், ஒன்றும் செய்ய முடியாது. தேர்வே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் அந்த மரத்தைத்தான் சொல்ல முடியும், மனுஷனைச் சொல்ல முடியாது.

பெரியாறு மழை எழுதியது:

அய்யா, தலைவன் பொருள் தேடப் போகிறான். போகாமலும் இருக்கலாம். நாகராஜனுக்கும் நாலு வழி இருந்தது. ருக்மிணிக்கு? நான் கேட்பது ருக்மிணியைப் பற்றி.

ட்ரிப் டிரைவர் எழுதியது:

வணக்கம். எனக்கு எழுத வராது, மகன் டைப் பண்ணுகிறான். நான் 20 வருஷத்துக்கு மேல் ட்ரிப் ஜீப் ஓட்டினேன். முதலில் ஒன்று, எல்லாக் கதையிலும் ஏன் ஜீப்பைக் கவிழ்க்கிறீர்கள்? பத்துப் பேர் வண்டியில் 15, 18 ஏற்றினோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் கவிழவில்லை.

2011 டிசம்பரில் கேரளத்தோடு முல்லைப்பெரியாறு அணைத் தகராறு வந்ததே, மேலே அந்தப் பக்கம் வேலைக்குப் போன நம் ஆட்கள் எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் ஒரு தோட்டத்து ஆட்களை ஏற்றப் போனேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஒரு ஆத்தா மட்டும் ஏறவில்லை. மூன்று வாரக் கூலி பாக்கி, கணக்குப்பிள்ளை சனிக்கிழமை வா என்கிறார். "சனிக்கிழமை நான் எங்கேயிருந்து வர, வாங்காமல் வர மாட்டேன்" என்று ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருக்கிறவர்கள் வண்டியை எடு எடு என்று கத்துகிறார்கள், குழந்தை வேறு அழுகிறது. ரோட்டில் எந்த வளைவில் கல் போடுவார்களோ தெரியாது. நான் ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

அந்த ஆத்தா மறுநாள் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கி வந்தது. கூலியும் வாங்கி வந்தது. எல்லாம் அடங்கி மறுபடி ட்ரிப் ஓட ஆரம்பித்தபிறகு அது என் வண்டியில் ஏறவே இல்லை. பஜாரில் பார்த்தால் பேசும், சிரிக்கும், "என்னப்பா நல்லாயிருக்கியா" என்னும். வண்டியில் மட்டும் ஏறாது. என் வண்டி காலியாக நின்றாலும் பின்னால் வருகிற வண்டிக்குக் காத்திருக்கும்.

இது கதையா இல்லையா தெரியாது. தகராறு பற்றி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கூடலூர்க்காரி எழுதியது:

அண்ணே, நான் இதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியாறு மழை தம்பி, பாருங்கள். ஊரே ஓடுகிறது, அந்த ஆத்தாவால் தகராறை நிறுத்த முடியாது, அணையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வாசலில் உட்கார முடிகிறது. அப்புறம் பதினைந்து ரூபாய் டிக்கெட்டோ என்னவோ, எந்த வண்டியில் ஏறுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தேர்வு என்றால் தலையெழுத்தை மாற்றுவது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போல. நான் அப்படி நினைக்கவில்லை.

ஒன்று கேட்கட்டுமா, தப்பாக எடுக்காதீர்கள். தோட்டம் பூட்டினபிறகு உங்கள் அம்மா ஏன் இறங்கிப் போகவில்லை? கூடலூர், கம்பம் பக்கம் எத்தனையோ பேர் இறங்கி வந்தார்களே.

பெரியாறு மழை எழுதியது:

லயத்தைக் காலி செய்தால் கிராஜுவிட்டி கிடைக்காது என்றார்கள். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம் கையில் பிடிமானம் ஒன்றும் இல்லை என்று. அதனால் இருந்தாள். கரண்ட் போனது, ஓட்டில் ஓட்டை, அப்படியும் இருந்தாள். அப்பா இறங்கிவிடலாம் என்றார். மாமா கம்பத்தில் ஒரு அறை பார்த்து முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார். இவள் போகவில்லை. அப்பா மட்டும் போய் மில் வேலை பார்த்தார், வாரத்துக்கு ஒரு தரம் வருவார், அப்புறம் மாதத்துக்கு ஒரு தரம்.

சரி. நீங்கள் கேட்க வந்தது புரிகிறது. இவ்வளவு நாள் நான் இதை "அம்மாவுக்கு வேறு வழியில்லை" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

தமிழய்யா எழுதியது:

தம்பி, இதை எழுதுங்கள். வேறு எதையும் இப்போதைக்கு எழுத வேண்டாம்.

கல்லுப்பாதை எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு ஊழைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. நான் வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் விடுவார்கள், குமுளி வழியாக ஜீப்பில் வருகிற கூட்டம் ஒரு பக்கம், எங்களைப் போல நடக்கிற கூட்டம் ஒரு பக்கம், மேலே போனால் இரண்டு மாநிலப் போலீசும் நிற்கும். சிலப்பதிகாரமே ஊழ்வினைக் கதைதானே? ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று இளங்கோ பதிகத்திலேயே சொல்லிவிட்டார். அங்கே யார் என்ன தேர்ந்தெடுத்தார்கள்? கோவலன் செத்தது முன்வினை. அவ்வளவு பெரிய காப்பியமே ஊழில் ஓடும்போது ஒரு சிறுகதை ஓடக்கூடாதா?

தமிழய்யா எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இளங்கோ ஊழ் என்று சொல்கிறார், உண்மை. சொல்லிவிட்டு அதோடு விட்டாரா பாருங்கள். பாண்டியன் அந்த உத்தரவைப் போடுகிற நேரம் எது? கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அரசி தலைவலி என்று ஊடலோடு எழுந்து போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் மனசெல்லாம் உள்ளே இருக்கிறது. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று நடந்துகொண்டே சொல்லிவிடுகிறான். வினை விளையும் காலம் ஆதலால் அப்படிச் சொன்னான் என்று இளங்கோ அங்கேயும் ஒரு வார்த்தை போடுகிறார்தான். ஆனால் ஊழ் மட்டும் போதும் என்றால் கோவலனை வழியில் பாம்பு கடித்திருக்கலாமே, எதற்கு ஒரு அவசரக்காரப் புருஷனை வாசலில் நிறுத்த வேண்டும்? ஊழ் வந்து சேருவதற்கு ஒரு மனுஷனுடைய குணம் வாசலாக வேண்டியிருக்கிறது.

பிறகு கண்ணகி. அழுதுவிட்டுப் போயிருக்கலாம். ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்குப் போகிறாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்பது அவளுக்குத் தெரியும், அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் வாயாலேயே வந்தபிறகு தன் சிலம்பை எப்போது உடைப்பது என்பதும் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஏறுகிற அந்தக் கல்லுப்பாதை அவள் மதுரையிலிருந்து வைகைக் கரையோடு நடந்து வந்த வழியின் முடிவு என்று சொல்லித்தானே ஏறுகிறீர்கள்? அவளை யாரும் அங்கே அனுப்பவில்லை.

பெரியாறு மழை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. பாண்டியன் நடந்துகொண்டே ஒரு வாக்கியம் சொல்கிறான், கோவலன் தலை போகிறது. யாருடைய தேர்வு யார் தலையில் விழுகிறது என்பது முக்கியம். மேட்டுச்சாலை கதையில் அந்தப் பெண்ணை மட்டுமே ஏன் குடைகிறோம்? சூப்பர்வைசர் காயைப் பார்த்தார், உடனே வேலையை விட்டு எடுத்தார் என்று ஒரே வரியில் போகிறது. அவர் யார்? எங்கள் பக்கத்தில் சூப்பர்வைசர் பெரும்பாலும் நம் ஆள்தான், அதே தெருவிலிருந்து வருகிறவர்கூட இருப்பார். பார்த்தும் பார்க்காமல் போயிருக்கலாம். காயை எண்ணிப் பார்த்திருக்கலாம். முதலாளியிடம் சொல்லாமல் தானே கையில் வைத்துக்கொண்டு அவளை ஆட்டி வைத்திருக்கலாம். அதில் எதைச் செய்தார் என்பதை வைத்துத்தான் கதை திரும்பும். அவருக்கும் ஒரு பாக்கி, ஒரு பயம் கொடுங்கள். முள்ளாக மட்டும் நிறுத்தாதீர்கள்.

மேட்டுச்சாலை எழுதியது:

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணனுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஜீப்பை நிமிர்த்திவிட்டேன். கவிழவில்லை. வட்டிக்காரனையும் அனுப்பியாயிற்று. புருஷன் குடிப்பதில்லை, சும்மா உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறான்.

ஏன் எடுத்தாள் என்பதுதான் இழுத்தது. கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன். பத்து வருஷமாக ஏலக்காய் பறிக்கிறாள், வீட்டு டீயில் ஏலக்காய் போட்டதே இல்லை. மகள் கல்லூரித் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். "உங்கம்மா ஏலத்தோட்டத்துல தானே வேலை, உங்க வீட்டு டீ சூப்பரா இருக்குமே" என்று அந்தப் பெண் போனில் சொன்னதை இவள் கேட்டுவிடுகிறாள். மகள் ஒன்றும் சொல்லாமல் சிரித்ததையும் கேட்டுவிடுகிறாள். அதனால் எடுக்கிறாள். மறுபக்க யானை, தமிழய்யா கேட்டீர்களே, அது சூப்பர்வைசர். அவர் இவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். போன வருஷம் புருஷனுக்கு முடியாமல் போனபோது தன் ஜாமீனில் இவளை இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். இவள் மாட்டினால் அவர் பெயரும் போகும். அது தெரிந்தே எடுக்கிறாள்.

ஸ்டோர்ப்புகை அண்ணன் சொன்னபடி உலர்த்த வேண்டுமே. சனிக்கிழமை இரவு கதவைச் சாத்திக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்து மெல்லிய தீயில் புரட்டுகிறாள். வாசம் கிளம்புகிறது. தெருவே தூங்குகிறது என்று நினைக்கிறாள். கதவு தட்டுகிற சத்தம். சூப்பர்வைசர் வீட்டு அக்கா. "என்ன தாயி, பாயசமா?" இவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அங்கே முடித்துவிட்டேன். எப்படி?

கூடலூர்க்காரி எழுதியது:

அந்தப் போன் பேச்சுக்காக உங்களை மன்னித்துவிட்டேன், அது அபாரம். முடிவுக்கு மட்டும் மன்னிக்க மாட்டேன்.

தாழ்ப்பாளில் கை வைத்த இடத்தில் நிறுத்துவது ஏமாற்று வேலை. எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், கேட்டால் திறந்த முடிவு, வாசகன் யோசிக்கட்டும் என்பார்கள். வாசகன் ஏன் யோசிக்க வேண்டும், அவளல்லவா யோசிக்க வேண்டும்! கதவைத் திறந்தாளா, திறக்காமல் "நாளைக்குப் பேசுவோம் அக்கா" என்றாளா, திறந்து "ஆமாம், பாயசம்" என்று பொய் சொன்னாளா, கல்லோடு தூக்கிக் காட்டினாளா, அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதனால் என்ன ஆனது என்பதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், வேலை போச்சா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டேன் என்று சொன்னாரே. "பீடி பிடிக்கிற நேரம் நின்றேன்" என்பதோடு முடித்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

ஸ்டோர்ப்புகை எழுதியது:

இரண்டு திருத்தம். தோசைக்கல்லில் பச்சைக்காயைப் போட்டால் உலராது, வெந்து வெடிக்கும், வெளித்தோல் பழுப்பாகிவிடும். டீயில் போடுவதற்கு நிறம் எதற்கு என்று கேட்பீர்கள், அதுவும் சரிதான். அடுப்புக்கு மேலே முறத்தில் பரப்பி இரவு முழுக்க வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி வையுங்கள். ஆனால் உலர்த்தவே வேண்டாமே? பச்சையாகவே தட்டி டீயில் போடலாம். விற்கப் போவதில்லையே. அப்படிச் செய்தால் வாசம் தெருவுக்குப் போகாது, அக்காவும் வர மாட்டார், உங்களுக்குக் கதை இருக்காது. எதற்காக உலர்த்துகிறாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேட்டுச்சாலை எழுதியது:

ஐயோ அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை.

ஒருவேளை பாட்டிலில் போட்டு வைத்திருப்பதாக மகளின் தோழியிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தாளோ. வீட்டில் எப்போதும் இருப்பது போல. பச்சைக்காய் என்றால் நேற்று எடுத்தது என்று தெரிந்துவிடும். ஆமாம், அதுதான். அலமாரியில் ஒரு பாட்டில்.

பெரியாறு மழை எழுதியது:

அந்த அக்கா ராத்திரி பத்து மணிக்கு வாசம் பிடித்துக்கொண்டு வருகிறார் என்றால் அவர் வீட்டு அலமாரியில் பாட்டில் இருக்கிறதா? சூப்பர்வைசர் வீடாயிற்றே.

கூடலூர்க்காரி எழுதியது:

அதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

மேட்டுச்சாலை எழுதியது:

இருக்கும் போல. அப்படியென்றால் கதவைத் திறக்கிறாள். திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அக்காவுக்கு ஒரு மணை எடுத்துப் போடுகிறாள். இனி அக்கா உட்காருவதா வேண்டாமா என்பது அக்கா பாடு.

சரி, மறுபடி எழுதுகிறேன். டிரைவர் அண்ணே, ட்ரிப் ஜீப்பில் சூப்பர்வைசர் முன் சீட்டில்தானே உட்காருவார்? காலைக் காட்சிக்கு வேண்டும்.

ட்ரிப் டிரைவர் எழுதியது:

முன்னால்தான். ஆனால் அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இடுக்கிக்கொண்டு உட்காருவார்கள், யார் என்று அவர்தான் சொல்லுவார். உங்கள் கதையில் அந்த அம்மா முன்னாலா பின்னாலா?